நீல பக்கெட்

போன வருஷம் ஆனி மாதம், தென்காசியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகளைப் பெண் பார்க்க அச்சன்புதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் நல்ல நேரம். முந்தின நாள் மனைவி எனக்கு ஒரே ஒரு உத்தரவுதான் போட்டாள்.

"அவங்க முன்னால மழையப் பத்தி ஒரு வார்த்தை பேசிராதீங்க."

விஷயம் இதுதான். நான் மழை அளக்கிறவன். யாரும் சொல்லி அல்ல, சம்பளத்துக்கும் அல்ல. மொட்டைமாடியில் சிமென்டில் பதித்து ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக, தினமும் காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். மழை இல்லாத நாளில் பூஜ்யம் எழுத வேண்டும். வருஷத்தில் பெரும்பாலும் பூஜ்யம்தான். பூஜ்யம் எழுதுவதற்காக வெயிலுக்குக் குடை பிடித்து மாடியேறுகிறவனைச் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலே, "ஏலே, ரசம் எத்தன மில்லிமீட்டர்னு கேளுலே" என்று ஒரு குரல் வரும்.

மகளும் என் ரத்தம்தான். குற்றாலத்தில் எல்லாரும் அருவியைப் பார்த்து நின்றால், அவள் பாறை இடுக்கில் சிலந்தி தேடுவாள். போனில் நானூறு சிலந்திப் படம், செல்ஃபி இரண்டு. அந்த இரண்டிலும் ஓரத்தில் சிலந்தி உண்டு.

வருகிறவர்கள் மலையைப் பார்க்க மாடிக்கு வருவார்களே என்று எனக்குத் திடீரென்று பயம். மழைமானியைப் பிடுங்க முடியாது. அன்று சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் ஏறிப்போய், ஒரு நீல பக்கெட்டைக் கவிழ்த்து அதை மூடிவிட்டு வந்தேன். அப்படிச் செய்யச் சொல்லி மனைவிகூடக் கேட்கவில்லை. அது என் சொந்த வெட்கம்.

மறுநாள் எழுந்து பார்த்தால் தெருவெல்லாம் தண்ணீர். நான் தூங்கிய பிறகு ஊற்று ஊற்றென்று ஊற்றியிருக்கிறது. வருஷத்திலேயே பெரிய மழை, அதற்கென்றே காத்திருந்த பாத்திரத்தின் மேல் பக்கெட். மாடியேறிப் பார்க்கக்கூட மனசு வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் ஓட்டை, அதுவும் நானே போட்டது.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வயல் இருக்கிறது. கேசரியை வாயில் போட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணாச்சி, ராத்திரி எத்தன சென்டி பெஞ்சிருக்கும்?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாருமே கேட்காத கேள்வி. சமையலறை வாசலிலிருந்து மனைவி என்னையே பார்த்தாள்.

"நல்ல மழைதான்" என்றேன். பதினெட்டு வருஷ ஆராய்ச்சியின் முடிவு.

காபித் தட்டைக் கீழே வைத்த மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். "எப்பா, எட்டரை ஆச்சு. மாடிக்குப் போவலையா?"

"இன்னைக்கு வேண்டாம்மா."

"எதுக்கு வேண்டாம்?" என்றவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா பதினெட்டு வருஷமா தெனமும் மழை அளக்காவ. அவங்க வெளியூர் போனா நான் அளப்பேன். ஒரு நாள் விட்டதில்ல. வாங்க, காட்டுதேன்."

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி நான் கடைசியாகப் படியேறினேன். மேலே போனால், பக்கெட் ஒரு மூலையில் தனியாகக் கிடந்தது. மழைமானி திறந்து நின்றது, உள்ளே தண்ணீர்.

அதற்குப் பிறகு எனக்கு யார் ஞாபகமும் இல்லை. பட்டு வேட்டியோடு ஈரத் தரையில் மண்டியிட்டு அளவையில் ஊற்றினேன். ஒரு தடவை நிரம்பியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பாதி நிரம்பிய மூன்றாவதை நான் கண்ணுக்கு நேரே பிடித்தபோது, பக்கத்தில் இன்னொரு தலை குனிந்தது. மாப்பிள்ளை.

"அங்கிள், தண்ணி வளைஞ்சு நிக்குதுல்லா? அந்த வளைவோட அடியத்தான பாக்கணும்?"

என்னைப் பொறுத்தவரை கல்யாணம் அந்த நிமிஷமே நிச்சயமாகிவிட்டது.

"அறுபத்திரண்டு மில்லிமீட்டர்" என்று அறிவித்தேன். அவர் அப்பா, "ஆறு சென்டி, நான் அஞ்சுன்னு நெனச்சேன்" என்று நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்ட ஆரம்பித்தார். எனக்கு வந்த தைரியத்தில், குற்றாலம் மெயின் அருவியில் தாராளமாகக் குளிக்கலாம் என்று ஜோசியமும் சொல்லி அனுப்பினேன். வெள்ளம் அதிகமென்று அருவியை அடைத்திருந்தார்கள். குளிக்காமல் திரும்பிய சம்பந்தியம்மா அதை இன்றுவரை மறக்கவில்லை.

அன்று மத்தியானம் மகளிடம் பக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். முந்தின நாள் ராத்திரி சாரல் விழுந்ததும் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள்தான் அதைத் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

"உங்கள பக்கெட்டப் போட்டு மூடினா, நாளைக்கு என்னைய எதப் போட்டு மூடுவாவ?" என்றாள்.

இப்போது அவள் அச்சன்புதூரில், மாமியார் வீட்டுத் தொழுவத்தில் சிலந்திகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் குடை பிடித்து, தெருவே பார்க்க, நடுமாடியில் நின்று பூஜ்யம் எழுதுகிறேன். அன்று அளவையில் நின்ற அறுபத்திரண்டைவிட, நான் வெட்கப்பட்டு மூடியதை என் மகள் திறந்து வைத்தாள் என்பதுதான் ஒவ்வொரு காலையும் எட்டரைக்கு என்னைப் படியேற்றுகிறது.