பேண்டு செட்டை நனைத்த பர்மாக்காரர்கள்

பேஸ் டிரம்மின் மேல் முதல் சொம்புத் தண்ணீர் விழுந்ததும், என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அறுபதுகளின் கடைசி. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் நான் வெல்ஃபேர் கிளார்க். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தமிழ்க் குடும்பங்கள் பக்கத்தில் குடிசை போட்டிருந்தன. அவர்களுக்கும் மீனவர் குப்பத்துக்கும் ஒரே தெருக்குழாய். தினமும் குழாயடிச் சண்டை. இரண்டு பக்கத்து ஆட்களும் எங்களிடம் வேலை பார்த்ததால் சண்டை ஷிப்டுக்குள்ளும் வந்தது. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்க ஒரு பேண்டு கச்சேரி போடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

வெல்ஃபேர் ஆபீசர் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டார்: "அடிதடின்னு ஒண்ணு வந்துச்சோ, அப்புறம் கச்சேரியும் கிடையாது, உமக்கு இந்த சீட்டும் கிடையாது."

சித்திரை முதல் தேதியைக் குறித்தேன். லீவு நாள், இரண்டு பக்கமும் வருவார்கள். என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதே சமயத்தில்தான் பர்மாவில் தண்ணீர்த் திருவிழா என்பது எனக்கு எப்படித் தெரியும்? யாரையாவது கேட்டிருந்தால்தானே!

ராயபுரத்திலிருந்து சவரி மாஸ்டரின் பேண்டு செட் வந்தது. மாதா தேருக்கு வாசிக்கிறவர்கள். கிளாரினெட் எடுத்ததுமே பிள்ளைகள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது! இரண்டாவது பாட்டு முடிவதற்குள், ரங்கூனிலிருந்து வந்த மீனாட்சி சொம்போடு எழுந்து வந்தாள். சிரித்துக்கொண்டே மாஸ்டர் தலையிலும் டிரம்மிலும் ஊற்றினாள். அவள் பின்னால் இன்னும் பத்துப் பெண்கள்.

"இன்னாம்மா இது? வாசிக்க வந்தவனுக்கு இதான் மருவாதியா? தோலு நனைஞ்சா டிரம்மு பேசுமா?" என்று மாஸ்டர் கத்தினார்.

குப்பத்துப் பக்கம் அஞ்சலை எழுந்தாள். போன வாரம் குழாயடியில் மீனாட்சியின் குடத்தை நசுக்கியவள். "குடிக்கத் தண்ணியில்லாம பேஜாரா கீது. நீ கொட்டி வெளயாடிகினு கீறியா?" ஆண்களும் எழுந்துவிட்டார்கள்.

மீனாட்சி சொம்பைக் கீழே வைத்தாள். "கோவிச்சுக்காதீங்க. வருசப் பொறப்புன்னா அங்க தண்ணி ஊத்திக்குவோம். பழைய வருசத்து அழுக்கு போகணும்னு. இங்க வந்ததுலேருந்து எங்களுக்கு ஊத்த யாரு இருக்கா? காலையில பிடிச்ச தண்ணியக் குடிக்காமகூட வச்சிருந்தோம்."

அஞ்சலை விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். அரிவாள்மனையோடு வரப்போகிறாள் என்று பயந்து, முன்வரிசையில் இருந்த ஆபீசரைப் பார்த்தேன். இடுப்பில் நிறைகுடத்தோடு வந்தாள். மீனாட்சி தலையில் அப்படியே கவிழ்த்தாள்.

"போதுமாடி? அழுக்கு போச்சா?"

"போச்சுக்கா." மீனாட்சி அழுதாளா சிரித்தாளா, அந்தத் தண்ணீரில் யார் கண்டது!

"வாசிங்கடா!" என்றார் மாஸ்டர். டிரம் தொப் தொப்பென்றது, யார் கவலைப்பட்டார்கள்? குப்பத்து ஆட்கள் கடலிலிருந்து வாளி வாளியாக மொண்டு வந்தார்கள். ஆபீசரின் டெரிலின் சட்டையும் தப்பவில்லை. என் சீட்டு தப்பியது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கச்சேரி கேட்க வருகிறவர்களிடமும் நமக்குத் தர ஏதாவது இருக்கும். முன்கூட்டியே போய்க் கேளுங்கள். அடுத்த வருடம் நான் போனேன்.

"டிரம்முக்கு ஒரு தார்ப்பாய் கொண்டாங்க சார்" என்றாள் மீனாட்சி.

"தண்ணிய நாங்க பாத்துக்கறோம்" என்றாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை.