கை வைக்காத மாத்திரை

1979, பொங்கல் கழிந்த இரண்டாவது வியாழன். காலை 5.40க்குப் பாரிமுனையில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். டிக்கெட் நான்கு ரூபாய் முப்பது காசு, தூரம் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். தாம்பரம் தாண்டுவதற்குள் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னை மூட்டைப்பூச்சிக் கேஸ் என்று நினைத்திருக்க வேண்டும்.

என்னைக் கடித்தது அக்காவின் கடிதம். அக்கா பெயர் கிருபை. உத்திரமேரூருக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு காலனியில் இருக்கிறாள், நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவள். அவள் கை வைத்து ஜெபித்தால் நோய் போகிறது என்று ஒன்றரை வருடமாகப் பேச்சு. போன மாதம் வந்த போதகர், அற்புதங்கள் எல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன, நிறுத்து என்றாராம். அதற்கு முன் வந்தவரோ, விசுவாசிக்கு இன்றும் அந்த வல்லமை உண்டு, நிறுத்தினால் பாவம் என்றாராம். "நீ வந்து ஒரு வழி சொல்லு தம்பி" என்று எழுதியிருந்தாள். நான் பெரம்பூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன். ஆனால் மிக்சர் கலக்கும்போது அளவுக் கிளாஸைத்தான் நம்புவேன்.

8.50. உத்திரமேரூர். வாடகை சைக்கிள் கிடைக்கவில்லை, நடந்தேன். இரண்டு பக்கமும் நடவுக்குச் சேடை ஓட்டிச் சேறாக்கிய கழனி. எதிரே வந்த கட்டை வண்டிக்காரரிடம் வழி கேட்டேன்.

"ஜெபக்காரம்மா வூடா? நேராப் போ. வாசல்ல மொறம் வச்சிக்கும் பாரு, அதான்."

9.55. முறம் இருந்தது, அக்கா இல்லை. மூன்று நாள் நடவுக்குத் தென்னேரிப் பக்கம் போயிருப்பதாகவும், மதியம் டிராக்டரில் வருவாள் என்றும் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். முறத்தைக் குனிந்து பார்த்தேன். ஆறேழு காகிதப் பொட்டலங்கள், காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல். எல்லாம் அரசு ஆஸ்பத்திரி மாத்திரைகள்.

"இதெல்லாம் ஏன் இங்கே கிடக்குது?"

"அக்கா கை வெக்காம யாரும் முழுங்க மாட்டாங்கண்ணா. வந்து ஜெபம் பண்ணி குடுக்கும்."

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். சத்து மாத்திரை, ஜுர மாத்திரை, அப்புறம் வலிப்பு மாத்திரை. கையில் எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வேளைகூட விடக்கூடாத மருந்து அது, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. திங்கட்கிழமை வைத்த பொட்டலமாம். பண்ணை வீட்டுப் பெண் செல்விக்கு, ஒன்பது வயது. பொட்டலத்தோடு ஊருக்குள் ஓடினேன் என்றே சொல்லலாம்.

10.30. பண்ணை வீட்டின் பின்கட்டு. பெண்ணின் அம்மா வெளியே வந்தார். என் பேண்ட், சட்டையைப் பார்த்து உட்காரச் சொல்லப் போனவர், இன்னார் தம்பி என்றதும் நிறுத்திக்கொண்டார். மாத்திரையை உடனே கொடுக்கச் சொன்னேன்.

"ஜெபம் ஆயிட்ச்சா?"

"அதெல்லாம் அப்புறம்மா. மூணு நாள் ஆயிடுச்சு, முதல்ல இதை முழுங்கட்டும்."

"வெறும் மாத்திரையை இன்னாத்துக்குக் குடுக்கிறது? உங்கக்கா கை பட்ட பொறவுதான் ஒன்றரை வருசமா இயுப்பு இல்லாம கீது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாத்திரையால்தான் நின்றது என்று எவ்வளவோ சொன்னேன், கல்லில் நார் உரித்த கதைதான். கடைசியில் அந்தம்மாவே வழி சொன்னார். "நீயும் அந்த வேதந்தானே? நீயே மாத்திரை மேல கை வை."

வைத்தேன். நான் செய்த ஜெபங்களிலேயே சின்னது அதுதான்: ஆண்டவரே, இவள் இதை விழுங்கட்டும். வெட்கமாக இருந்தது. எந்த வித்தையை நிறுத்தச் சொல்ல வந்தேனோ அதையே செய்துகொண்டு நின்றேன். செல்வி ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினாள்.

ஆனால் வயிற்றுக்குள் போனதும் வேலை செய்கிற மருந்தல்ல அது. போக மனமில்லாமல் வைக்கோல் போருக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

12.15. உள்ளே செம்பு உருளும் சத்தம். செல்வி முற்றத்தில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், யாரோ வாயில் தண்ணீர் ஊற்றப் போனார்கள். "ஊத்தாதீங்க!" என்று கத்தியது மட்டும் நான் செய்த உதவி. அளவுக் கிளாஸ் பிடிக்கத் தெரிந்தவனுக்குக் கால் எழவில்லை.

"உன் கையில இன்னா கீது? ஒண்ணுமே இல்ல!" என்று அந்தம்மா என்னைப் பார்த்து அலறினார்.

அப்போதுதான் அக்கா வந்தாள், டிராக்டரை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்க வேண்டும். முழங்கால்வரை சேறு, தலையில் சும்மாடு துணி அப்படியே இருந்தது. யாரையும் கேட்கவில்லை. பின்வாசல் தாண்டி உள்ளே போனாள், தரையில் உட்கார்ந்தாள், பெண்ணை ஒருக்களித்துத் தலையை மடியில் வாங்கினாள், சாவியைப் பிடுங்கி எறிந்தாள். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும், என் ஆயுளில் பாதி போனது போலிருந்தது. இழுப்பு நின்றது. செல்வி கண் திறந்து, மறுபடி தூங்கிப்போனாள். அந்தம்மா அழுதுகொண்டே அக்காவைக் கும்பிட்டார்.

நாங்கள் பின்வாசலைத் தாண்டிப் பத்தடி வந்திருப்போம். முற்றத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, ஒரு வாளி, இன்னொரு வாளி, அப்புறம் துடைப்பம். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தைக் கழுவினார்கள். திரும்பினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நட."

2.30. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட். வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். டீ வாங்கிக் கையில் கொடுத்த பிறகுதான் அவள் பேசினாள்.

"மாத்திரை மேல கை வெக்கிறது நானா கண்டுபுடிச்சதா? அந்தப் பொண்ணு தலையில கை வெக்க என்னை வுடல. மாத்திரையை வேணா அனுப்புறோம்னாங்க. அதைப் பாத்து காலனியும் புடிச்சிக்கிச்சு. வேணாம்னு சொல்லல நான். இன்னைக்கு ஒரு உசுரு போயிருக்கும், தப்பு என்னுதுதான். இனிமே முழுங்கிட்டு வர்றவங்களுக்குத்தான் ஜெபம்."

"ஜெபத்தையே விட்டுடேன்க்கா."

"என் பெரியவனுக்கு ஜுரம் வந்தப்போ ஜெபம் மட்டுந்தான் பண்ணேன். கொண்டுபோய்ப் பொதைச்சேன். அப்பவே வுடல, இப்ப வுடுவனா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவன் சாவுக்கு வந்தவன்தான் நான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. "உனக்கு அந்த வல்லமை இருக்குதாக்கா? உண்மையைச் சொல்லு."

"தெரியல தம்பி. இயுப்பு நின்னது மாத்திரையா, ஜெபமா, தானா நின்னுச்சா, எனக்கு இன்னா தெரியும்?" காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். "தண்ணி ஊத்துன சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நாளைக்கு அந்தம்மா கூப்ட்டா மறுபடியும் போவேன். எப்படிப் போறேன்னு எனக்கே புரியல. அதுக்கு இன்னா பேருன்னு ரெண்டு போதகரும் சொல்லல. நீ படிச்சவன், சொல்லு."

பஸ் வந்துவிட்டது. ஊருக்குப் போய் எழுதுகிறேன் என்று ஏறினேன். செங்கற்பட்டில் நிறையப் பேர் இறங்கி இடம் காலியானது. கண்டக்டர் இரண்டு முறை சொல்லியும் நான் உட்காரவில்லை, அந்தத் துடைப்பச் சத்தம் காதிலேயே இருந்தது, தாம்பரம்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடிதத்தை இன்னும் எழுதவில்லை.