சனிக்கிழமைக் கடிதங்கள்

அரசு அலுவலகத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஒரு மேசை போடும் அகலத்துக்கு ஓர் இடம். அங்கேதான் பேனாக்காரர் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். மேசைமேல் ஒரு பசை புட்டி, மை ஒத்தும் டப்பா, நூலில் கட்டிய இரண்டு பேனா. எழுதத் தெரியாதவர்கள் வந்து சொல்லச் சொல்ல எழுதுவார். முடிந்ததும் அப்படியே கொடுத்து அனுப்பிவிட மாட்டார். வரிக்கு அடியில் விரலை வைத்து ஒரு தடவை படித்துக் காட்டுவார். பிறகு நகல் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு அவள் வாயாலும் ஒரு தடவை படிக்க வைப்பார்.

"என்ன பெரியவரே, உங்க எழுத்தை நீங்களே நம்ப மாட்டீங்களா?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேலி செய்வார்கள்.

"நம்ப மாட்டேன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

ஏன் என்று முப்பத்திரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாது. மனிதர் நல்லவர்தான். யாரையும் ஒரு சொல் தடித்துப் பேசியதில்லை. அதற்காக அவர் செய்ததை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இள வயதில் அவர் பட்டாளத்தில் சிப்பாய். சண்டை நடந்த வருஷம், மலைமேல் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். அந்தப் பிரிவில் பாதிப் பேருக்கு எழுத்து வாசனையே கிடையாது. இவர் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவர் என்பதால் எல்லாருக்கும் கடிதம் எழுதும் வேலை இவர் தலையில் விழுந்தது. பேனாக்காரர் என்று பெயர் வந்தது அப்போதுதான். சனிக்கிழமை உச்சிக்குள் கடிதங்களைக் கொடுத்துவிட வேண்டும். கேப்டன் ஒவ்வொன்றையும் படித்துப் பார்ப்பார். இடத்தின் பெயர், ஆட்களின் கணக்கு என்று ஏதாவது இருந்தால் கறுப்பு மை அடித்துத் திருப்பி அனுப்புவார். திரும்பி வந்ததை மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டும். குளிரில் விரல் விறைத்துப் போயிருக்கும், வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள்.

இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம் ஒரு தந்திரம் செய்தார். எந்த அதிகாரியும் மை அடிக்க முடியாத ஒரு கடிதம். "நான் நலம். இங்கே குளிர் பரவாயில்லை. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. கவலைப்படாதே. எல்லாரையும் கேட்டதாகச் சொல்." அவ்வளவுதான். காலையிலேயே நாற்பது தாள் எழுதி வைத்துக்கொள்வார். ஆள் வந்து உட்கார்ந்து மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவான். இவர் மை தொடாத பேனாவை அந்தத் தாள்மேல் ஓட்டிக்கொண்டே இருப்பார். எதிரே இருப்பவனுக்கு எழுதுகிற மாதிரியேதான் தெரியும். முடிந்ததும் தலைப்பில் பெயரை மட்டும் மையில் எழுதுவார்.

"படிச்சுக் காட்டுங்கண்ணே" என்பான் அவன்.

இவர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் சொன்னதை நினைவிலிருந்து ஒரு சொல் தப்பாமல் ஒப்பிப்பார். ஒழுகும் கூரை, பிள்ளைக்கு விழுந்த பல், மாமனாரோடு போட்ட சண்டை எல்லாம் வரும். கேட்டவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவான். படிக்கத் தெரியாதவனுக்குக் காது ஒன்றுதான் சாட்சி. அந்தக் காதையே இவர் ஏமாற்றினார்.

அந்த வரிசையில் ஒரு நாள் ஏணி வந்து உட்கார்ந்தான். உயரம் அப்படி, அதனால் அந்தப் பெயர். கூடாரத்துக்குள் குனிந்து வந்தாலும் தலை இடிக்கும். "அண்ணே, இன்னிக்கு மொழ நீளத்துக்குச் சொல்லுவேன், பேனா தாங்குமா?" என்று சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை. பத்தாம் நாள் அவன் இல்லை. அவன் பெட்டி படுக்கை எதுவும் வீடு போய்ச் சேரவில்லை. கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு பேனாக்காரர் அந்த வேலையை விட்டுவிட்டார். கை வலி என்று சொன்னார்.

இத்தனை காலம் கழித்து, போன வருஷம், ஒரு கல்லூரி வாத்தியாரம்மா அவரைத் தேடி வந்தாள். தளபதிகளைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது, சாதாரணச் சிப்பாயைப் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் தானே எழுதப் போவதாகச் சொன்னாள். வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய கடிதங்களைத் திரட்டியிருந்தாள். பதினொன்றை எடுத்து மேசைமேல் பரப்பினாள்.

"பதினொரு வீட்டுலேர்ந்து வாங்கினேன் ஐயா. எல்லாத்துலயும் ஒரே வரி, ஒரே கையெழுத்து. இப்படித்தான் எழுதணும்னு மேலேர்ந்து உத்தரவா?"

பேனாக்காரர் பதினொன்றையும் பார்த்தார். தன் எழுத்தே பதினொரு முகமாகத் தன்னைப் பார்ப்பது போல இருந்தது. அவளே ஒரு வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். அதில் நுழைந்துகொண்டார்.

"ஆமாம்மா, உத்தரவு. கேப்டன் உத்தரவு."

கேப்டன் செத்துப் பல வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோது, "மனசுல இருக்கறத எழுதச் சொல்லுய்யா, முடிஞ்ச வரைக்கும் நான் விட்டுடறேன்" என்று இவரிடமே சொன்னவர்.

புத்தகம் வந்தது. ஓர் அத்தியாயம் முழுக்க, சிப்பாய்களின் வாயைக் கட்டிய கேப்டனைப் பற்றி. கடிதம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு பிரதி போயிற்று. பேனாக்காரருக்கும் ஒன்று வந்தது. அதைப் பசை புட்டிக்குக் கீழே, அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்தார்.

ஒரு வாரத்தில் ஏணியின் மனைவி கடைக்கு வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுல படிக்கச் சொல்லிக் கேட்டேன். கடிதம் உத்தரவுப்படி எழுதினதாமே. சரி, அத விடுங்க. அவர் உங்ககிட்ட வாயால ஏதாவது சொல்லியிருப்பார் இல்ல? கடிகாரத்தப் பத்தி?"

அவள் சொன்னாள். ஏணி கடைசியாகப் புறப்பட்ட அன்று காலை, அவன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் காணோம். வீடே கூடி நிற்க, "உன் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். கடிதம் வந்தபோது, அதில் ஏதாவது இருக்கும் என்று மாமியார், கொழுந்தன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கொழுந்தன் சத்தமாகப் படித்தான். நான் நலம், குளிர் பரவாயில்லை. அன்றையிலிருந்து அவள் அந்த வீட்டில் அலமாரிச் சாவியைத் தொட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மாமியார் சாகும்போதும் அவள் கையால் தண்ணீர் வாங்கவில்லை.

"சொன்னான்" என்றார் பேனாக்காரர். "சொன்னான்மா. உத்தரவெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் எழுதல."

நாற்பது தாளையும் மை தொடாத பேனாவையும் சொன்னார். படித்துக் காட்டியதைச் சொல்லும்போது தலையைத் தூக்க முடியவில்லை. பசை புட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "அவர் கேட்டுட்டுப் போனாரா? எழுதியாச்சுன்னு நம்பிட்டுப் போனாரா?" என்றாள்.

"நம்பிட்டுப் போனான்."

"அப்ப எழுதுங்க. இப்ப எழுதுங்க. அவர் சொன்ன மாதிரியே."

எழுதினார். எதை வைத்து ஏமாற்றினாரோ அந்த நினைவு அப்படியே இருந்தது. ஒரு சொல்லுக்குக்கூட அவர் தயங்கவில்லை, அதுவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. எழுதி முடித்து, வழக்கம்போல வரிக்கு அடியில் விரலை வைத்து வாயைத் திறந்தார்.

"நீங்க படிக்க வேண்டாம்" என்றாள். "ஒரு தடவை படிச்சீங்களே, போதும்."

பேனாக்காரர் வாத்தியாரம்மாவுக்குத் தகவல் அனுப்பினார். அவள் வந்து விஷயத்தைக் கேட்டதும் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள். "செத்தவர்மேல பழியப் போட்டு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன் ஐயா. உங்களை நம்பித்தான் எழுதினேன்."

"என் பேரப் போட்டு மாத்தி எழுதும்மா" என்றார். வேறு என்ன சொல்வார்?

மறுநாள் மூன்று பேரும் கொழுந்தன் வீட்டுக்குப் போனார்கள். ஏணியின் மனைவியும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், பின்கட்டில். கொழுந்தனுக்கு முட்டி தேய்ந்து நடமாட்டம் குறைவு. கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் வாத்தியாரம்மா தாளைப் பிரித்துப் படித்தாள்.

"கடிகாரம் கிடைச்சிருச்சு. என் கோட்டுப் பையில ஓட்டை, உள்துணிக்குள்ள இறங்கி இருந்திருக்கு. உன்மேல போய்ப் பழி போட்டேன், நான் ஒரு முட்டாள். எல்லாரும் கேக்கத்தானே உன்ன அப்படிச் சொன்னேன். இதையும் அம்மா, தம்பி, எல்லாரும் கேக்கற மாதிரி சத்தமா படிக்கச் சொல்லு. வந்ததும் நானும் என் வாயால சொல்லுவேன்."

"இன்னொரு தடவை படிங்க" என்றார் கொழுந்தன். படித்தாள். "அண்ணன் பேச்சுதான்" என்றார். பிறகு நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தார்.

"உக்காருங்க அண்ணி."

அவள் உடனே உட்காரவில்லை. நாற்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். வாத்தியாரம்மாவுக்குப் பாய் போட்டார்கள். பேனாக்காரரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றார். கொழுந்தன் மனைவி தண்ணீர் கொண்டு வந்து, முதலில் அண்ணியிடம் நீட்டினாள். அவள் குடித்து முடிக்கும்வரை கொழுந்தன் நின்றுகொண்டே இருந்தார்.

புறப்படும்போது ஏணியின் மனைவி வாசல்வரை வந்தாள்.

"எனக்கு ஒரு பென்ஷன் மனு எழுதணும். நாளைக்குக் கடைக்கு வரேன்."

"எழுதறேன்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"எழுதுங்க. ஆனா அந்த நகல் கடைக்காரம்மா படிச்சப்புறம்தான் ரேகை வைப்பேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து தன் செருப்பைத் தேடினார்.