வள்ளங்களுக்கு நடுவே ஒரு வீட்டு வண்டி

தூத்துக்குடி துறைமுகச் சாலையிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது காலை மணி ஏழு. 1978, மாசி மாதம். வண்டியை ஓட்டியவர் ஹெல்கா. ஜெர்மனியிலிருந்து தரைவழியாகவே தனியாக இந்தியா வந்தவர். நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். வண்டிக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உண்டு. ஊரில் இருந்த வீட்டை விற்றுத்தான் இதை வாங்கினாராம். அவருக்கு வேறு வீடு கிடையாது.

போகிற இடம் மணப்பாட்டுக்கு அருகிலுள்ள என் ஊர்; ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். அப்பா சங்கு குளிப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டமும் வாங்கியிருக்கிறேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

முத்தையாபுரத்தில் ஆலைக்குப் போகிறவர்களின் சைக்கிள் கூட்டம் விலகி வழிவிட்டது. ஆறுமுகநேரியில் ஹெல்கா இறங்கி, உப்புக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு ஊர். பக்கத்து வீட்டு அந்தோணி மாமா கையசைத்துக்கொண்டே வண்டிக்கு முன்னால் ஓடினார்.

"இங்கன கொண்டாந்து நிறுத்தச் சொல்லு. வள்ளம் நிக்கிற எடந்தான் பத்திரம்."

எங்கள் ஊரில் விலையுள்ள எதையும் கடற்கரையில், வள்ளங்களின் வரிசையில்தான் விடுவார்கள். எப்போதும் நாலு பேர் கண் அங்கே இருக்கும். வீட்டு வண்டியும் அந்த வரிசையில் நின்றது.

மூன்று மணிக்குத் திரும்பிப் போக வண்டியை எடுத்தபோது பின்சக்கரங்கள் சுழன்று மணலுக்குள் இறங்கின. அன்று பௌர்ணமி. இருட்டுவதற்குள் கடல் வள்ளங்களின் அடிவரை ஏறிவிடும். வள்ளம் மிதக்கும், வண்டி மிதக்காது.

இருபது பேர் சேர்ந்து வடத்தைக் கட்டினார்கள். வள்ளத்தைக் கரையேற்றுவது போலவே அம்பா என்ற இழுவைப் பாட்டைப் பாடி இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சக்கரம் இன்னும் இறங்கியது. டயரில் காற்றைக் குறைத்தால் வெளியே வந்துவிடும் என்றார் ஹெல்கா. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"காத்தப் புடுங்குனா வண்டி படுத்துரும்லா," என்றார் அந்தோணி மாமா. "ஏளா ரெஜினா, காலேசுல இதத்தான் சொல்லித் தந்தாவளா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கையிலும் வடம் இருந்தது. "நீ சும்மா இரு தாயி," என்றார்.

அலை சக்கரத்துக்கு இரண்டு ஆள் நீளம் தள்ளி வந்து திரும்பியது. ஹெல்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, மணல்ல குதிகால ஊனுனா என்னாவும்?"

"பதியும்."

"கட்டுமரத்தப் போட்டா?"

"அது எப்படிளா பதியும்? அகலமால்லா இருக்கு."

"காத்து கொறஞ்சா டயரும் அகலமாவும்."

அப்பா வடத்தைக் கீழே போட்டார். "அவ சொல்லுதத செஞ்சிதான் பாப்போமே."

நான் மணலில் முழந்தாளிட்டு, நாற்பது பவுண்டு இருந்த காற்றைப் பதினைந்துக்கு இறக்கினேன். நான்கு டயரும் அமுங்கிப் பரந்தன. ஹெல்கா மெதுவாக வண்டியை நகர்த்தினார். முட்டையிட வந்த ஆமைபோல ஊர்ந்து அது கெட்டித் தரைக்கு ஏறியது.

"ஏறிட்டு, சரி," என்றார் மாமா. "இந்தத் தொங்குன டயரோட உடன்குடி ரோட்டுல எப்படிப் போவ? காத்தடிக்கத் திருச்செந்தூருக்குத் தலையில தூக்கிட்டுப் போவியோ?"

ஹெல்கா இருக்கைக்கு அடியிலிருந்து சோற்றுத் தூக்கு அளவில் ஒரு பெட்டியை எடுத்தார். காற்றடிக்கும் கம்ப்ரஸர். இதுவரை தேவைப்பட்டதே இல்லையாம். இன்ஜினை ஓடவிட்டு, அதன் இரண்டு வயர்களை பாட்டரியில் மாட்டினோம். குழாயை வால்வில் திருகினேன். பெட்டி கடகடத்தது, ஆனால் அதிலிருந்த அழுத்தமானியின் முள் அசையவில்லை. காற்று சீறி வெளியேறியது. மாமா தொண்டையைச் செருமினார். குழாயைக் கழற்றி, மரையிலிருந்த மணலை ஊதிவிட்டு மறுபடி இறுக்கினேன். முள் எழுந்தது. பதினாறு. பதினெட்டு. இருபது.

சங்கு குளிக்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"இந்தப் பெட்டிய இடுப்புல கட்டிக்கிட்டா மத்தியானச் சோத்துக்குக்கூட மேல வர வேண்டாம்லே."

"உன் பொண்டாட்டிக்கு நிம்மதிதான்."

பெட்டி சூடேறியது. ஒவ்வொரு டயருக்குப் பிறகும் அதை ஆறவிட்டேன். நாலாவது டயர் நிரம்பியபோது வண்டி புதைந்திருந்த குழிகள் கடலுக்குள் இருந்தன. அப்பா ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். "கல்லு மாதிரில்லா இருக்கு," என்றார், என்னிடம் அல்ல, அந்தோணி மாமாவிடம்.

அன்றிரவு ஊரிலேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி குடிக்க நிறுத்தினோம். டம்ளர் முப்பது காசு. கடைக்கார அண்ணாச்சி வெளியே நின்ற வண்டியையும் அதிலேயே உட்கார்ந்திருந்த ஹெல்காவையும் பார்க்காமலே சொன்னார்:

"சேதி தெரியுமா? மணப்பாட்டுப் பக்கம் ஒரு வெள்ளக்காரி வண்டி கடலுக்குள்ள போவப் பாத்துச்சாம். ஒரு பொம்பளப்புள்ள, சங்கு குளிக்கிறவர் மவளாம், நாலு டயரையும் வாயாலயே ஊதிட்டாளாம். முத்துக் குளிச்ச பரம்பரைல்லா, நெஞ்சுல அம்புட்டுக் காத்து. நீ அந்தப் பக்கந்தானம்மா? அவளத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் அண்ணாச்சி," என்றேன். "பி.எஸ்ஸி. படிச்சவ."