கஷாயம் குடித்தால் கல் விழுமா?

பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டிலும் வேலையிடத்திலும் அவளுக்குச் 'சந்தேகம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் படி இறங்க மாட்டாள். பிழைப்பும் அதற்கேற்றாற்போல அமைந்தது. பல்ப் தொழிற்சாலையில் சோதனை மேசை வேலை. "இந்த ஒரு பெட்டிய மட்டும் கண்டுக்காம விடும்மா" என்று சூப்பர்வைசர் கெஞ்சினாலும், எரியாத பல்பை எரிகிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

கட்டிக்கொண்டவர் நேர் எதிர். வேன் ஓட்டுகிறவர், வலது காலை முதலில் வைக்காமல் வண்டியில் ஏற மாட்டார். ஜாடிக்கேற்ற மூடி என்று இவர்களைச் சொல்ல முடியாது. ஆனாலும் குடும்பம் நன்றாகவே ஓடியது.

சாயங்காலமானால் வீட்டுக் கூடத்தில் போன் விளையாட்டு. அவள், கணவர், மாடியில் குடியிருக்கும் சலூன்காரர், மாமியார் என்று நாலு பேர் கொண்ட படை. வாரம் ஒருமுறை சேற்றுக்குளத்து ராட்சதத் தவளையோடு சண்டை. அதைக் கொன்றால் எப்போதாவது வெள்ளிச் சிறகு விழும் என்று பேச்சு. இவர்களுக்கு இதுவரை செருப்புத் தோல்தான் விழுந்திருக்கிறது, அதுவும் தவளை இவர்களைக் கொல்லாமல் விட்ட வாரங்களில்.

மாமியார் சண்டைக்கு வருவதில்லை. ஹோட்டல் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் இஸ்திரி போட்டு மணிக்கட்டு இறுகிப்போனவர். வேலையிலிருந்து நின்றபின் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தே கிடந்தார். மகன்தான் பழைய போனைக் கையில் கொடுத்து, விளையாட்டுக்குள் மூலிகை பறிக்கச் சொன்னார். அந்த மூலிகையில் அதிர்ஷ்டச் சாறு தயாராகும். குடித்துவிட்டு அடித்தால் அரிய பொருள் விழும் வாய்ப்புக் கூடுமாம். வீட்டில் அதற்குக் கஷாயம் என்று பெயர். மாமியார் பகலெல்லாம் பறித்தார். சாயங்காலம் "எல்லாரும் குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் படையை அனுப்புவார். மருமகளிடம் அவர் வாய்விட்டுப் பேச ஆரம்பித்ததே அந்தக் கஷாயத்துக்குப் பிறகுதான்.

ஒருநாள் கணவர் கூவினார். "பாத்தியா! கஷாயம் குடிச்சேன், சின்னத் தவளைய அடிச்சேன், நீலக்கல் விழுந்துச்சு!"

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான். விழுந்ததும் நிறுத்திட்டா அது சோதனையா? எரியிற பல்ப எடுத்துக் காட்டிட்டு மொத்தப் பெட்டியும் நல்லதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அப்ப நீயே சோதிச்சுக் காட்டேன்!"

சும்மா இருப்பாளா? அன்றே ஏற்பாடு செய்துவிட்டாள். ஒரே குளம், ஒரே வகைச் சின்னத் தவளை, ஒரே போன். அடித்த ஒவ்வொரு தவளைக்கும் ஒரு தீக்குச்சி எடுத்து வைக்க வேண்டும். ஒரு தீப்பெட்டி தீரும்வரை கஷாயத்தோடு, அடுத்த தீப்பெட்டி கஷாயமில்லாமல். இரண்டுக்கும் தனித்தனி ஜாடி, நீலக்கல் விழுந்தால் அந்தந்த ஜாடியில் ஒரு பட்டன். யாருக்கும் புரியும் கணக்கு.

புரிந்தது, பொறுமைதான் இல்லை. கணவர் கால் பெட்டியிலேயே கொட்டாவி விட்டார். சலூன்காரர் "கடையில ஆளு காத்திருக்கு" என்று நழுவினார், கடைக்கு அன்று விடுமுறை என்பதை மறந்து.

"கொடு, நான் அடிக்கிறேன்" என்றார் மாமியார். "எனக்கென்ன வெட்டி முறிக்கிற வேலையா இருக்கு?"

அப்படித்தான் தொடங்கியது. அவள் வேலைக்குப் போய் வருவதற்குள் தீப்பெட்டிகள் காலியாகிக் கிடக்கும். ஆரம்பத்தில் ஒரு தவளைக்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்காது. போகப் போக, போனைப் பார்க்காமலே பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே அடித்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் இருவரும் சேர்ந்தல்லவா உடைத்துக்கொண்டிருந்தார்கள்!

ஒரு மாலை, ஜாடிகளைத் துடைத்துக்கொண்டே மாமியார் கேட்டார். "ஏம்மா, கஷாயம் பொய்யின்னு ஆயிட்டா, அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?" கேட்டுவிட்டுச் சிரித்தார். "சும்மா கேட்டேன்."

பல்பைச் சோதிக்கத் தெரிந்தவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. திரும்ப அந்த ஜன்னல், அந்த நாற்காலி, அந்த மௌனம். கடைசிப் பெட்டி முடிந்த அன்று பார்த்தாள்: இரண்டு ஜாடியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. பட்டன் டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளினாள். கஷாய ஜாடிக்குள் போட்டால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது? கை ஜாடியின் வாய்வரை போனது. அதற்குமேல் போகவில்லை. மாமியார் வரும் சத்தம் கேட்டதும் பட்டன்களை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாமியார் வந்து ஜாடிகளை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். போனை அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

மறுநாள் ராட்சதத் தவளைச் சண்டை. "எல்லாரும் குடிச்சாச்சா?" என்று கேட்க ஆளில்லை. கணவர் அவளை முறைத்தார். தொடங்கிய சற்று நேரத்திலேயே சலூன்காரர் செத்தார். அடுத்துக் கணவர். அவள் உயிரும் ஊசலாடியது.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "தொண்டைய ஊதுது பாரு, விலகு!"

விலகினாள். தவளை வெறும் சேற்றில் விழுந்தது.

"இப்ப இடப்பக்கம் பாயும். சத்தம் கேக்கலயா உனக்கு?" கரண்டியோடு வந்து நின்றார் மாமியார். "ஐயோ, அங்க இல்ல! எங்கிட்ட கொடு!"

போன் கைமாறியது. அதன்பிறகு நடந்ததை மற்ற மூவரும் வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள். ராட்சதத் தவளையும் சின்னத் தவளை பாய்கிற மாதிரியேதான் பாய்ந்தது, உருவம்தான் பெரிது. அத்தனை தீப்பெட்டித் தவளைகளை அடித்த கை அது. இறுகிய மணிக்கட்டு இறுகியதுதான், ஆனால் எப்போது அசைய வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. தவளை சாய்ந்தது. விழுந்தது செருப்புத் தோல்.

"அடடா" என்று உச்சுக்கொட்டினார் சலூன்காரர். "கஷாயம் குடிச்சிருந்தா சிறகு விழுந்திருக்கும்மா."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குடிச்சாலும் விழாது. நானும் என் மருமகளும் சோதிச்சுப் பாத்திருக்கோம். உனக்குச் சந்தேகம்னா தீப்பெட்டி இருக்கு, உக்காந்து அடி." பிறகு மகனைப் பார்த்து, "அடுத்த வாரம் நான் முன்னாடி போறேன். நீங்கல்லாம் பின்னாடி நில்லுங்க" என்றார்.

'சந்தேகத்'துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்து போய், பையிலிருந்த பட்டன்களைப் பட்டன் டப்பாவிலேயே கொட்டினாள்.