நத்தையைக் காணோம்!

போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புத்தகக் கடையில் ஒரு சண்டை போட்டேன். காரணம் — ஒரு நத்தை.

நான் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். சர்ச் பூசையில் மெழுகுவர்த்தியைக்கூட விடுவதில்லை.

மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் மகள் ஜெனிக்கு ஐந்து வயது. கைக்குழந்தையாக ஒரு தடவை தூக்கியதோடு சரி. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை போன்தான்.

"சாப்டீங்களா தாத்தா?"

"சாப்ட்டேன்மா."

அப்புறம்? ஐந்து வயதுப் பிள்ளையோடு அப்புறம் என்ன பேசுவது?

அதற்காகவே ஒரு படக்கதைப் புத்தகத்தை இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று தபாலில் மஸ்கட்டுக்கு, இன்னொன்று எனக்கு. எறும்பு வீட்டுக் கல்யாணத்துக்கு விருந்தாளிகள் கிளம்புகிற நாட்டுப்புறக் கதை. பக்கத்துக்கு ஒருவர் சேர்ந்துகொள்வார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எல்லாரையும் சொல்லியாக வேண்டும். "கோழி போச்சு... கோழி பின்னால ஆடு போச்சு... ஆடு பின்னால நத்தை போச்சு..." இப்படியே யானை வரைக்கும் ஒன்பது பேர்.

கேட்கிற பெரியவர்களுக்குச் சலிப்புத்தான். எனக்கோ, ஆள் கூடக் கூட சந்தோஷம். ஒரு குரங்கு சேர்ந்தால் ஜெனியின் குரல் இன்னும் கொஞ்ச நேரம் காதில் இருக்குமே!

"அப்பா, நேரா கடைசிப் பக்கத்துக்குப் போயிருங்களேன்" என்று பின்னாலிருந்து மகன் குரல் கொடுப்பான். அதோடு வேறு வேலை பார்க்கப் போய்விடுவான். ஜெனி ஒரு வரியை விட மாட்டாள். நான் மட்டும் விடுவேனா?

அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் வம்பு. கல்யாணப் பந்திப் படம். எண்ணினேன். எட்டுத் தலை. மறுபடி எண்ணினேன். எட்டுத்தான்! நத்தையைக் காணோம்.

எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் விரித்துப் பார்த்தார். "இம்புட்டு நுணுக்கமா யாரு சார் பாக்கப் போறா?"

"பிள்ளைங்க பாக்கும்யா."

"யானை இருக்குல்ல?"

"இருக்கு."

"அம்புட்டுப் பெரிய யானையவே படம் வரைஞ்சவரு ஒரு பக்கத்துல அடக்கிட்டாரு. நத்தைக்காகவா வெயில்ல வந்தீங்க?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கோபத்தோடு வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். பிள்ளை மனசு உடையக் கூடாதே!

"ஜெனி, படம் வரைஞ்சவரு தப்புப் பண்ணிட்டாரும்மா. நத்தையை விட்டுட்டாரு."

"இல்ல தாத்தா. அது வந்துக்கிட்டிருக்கு."

"எங்க வருது?"

"வழியில. நத்தை மெதுவாத்தானே வரும்? அதுக்கு இலை போட்டிருக்காங்க பாருங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆட்டுக்கும் குரங்குக்கும் நடுவில் ஒரு இலை. சோறு இருக்கிறது, வெஞ்சனம் இருக்கிறது, தண்ணீர் டம்ளர்கூட இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை. நம்மூர்ப் பந்தியில் "ஆள் வருது, ஆள் வருது" என்று பக்கத்து இலையில் கை வைத்து இடம் பிடிப்போமே — அதேபோல ஆடு ஒரு முன்னங்காலை அந்த இலை ஓரத்தில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தலையை எண்ணியவன் இலையை எண்ணவில்லை!

மகன் போனை வாங்கினான். குரல் இறங்கியிருந்தது.

"அப்பா... டிசம்பர்ல லீவு இல்லைன்னுட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போல."

வேறு நாளாக இருந்தால், ஏன், எதற்கு, எத்தனை நாள் கேட்டாய் என்று குடைந்திருப்பேன். அன்றைக்கு ஆட்டின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிப்பா. மெதுவா வாங்க. இலை போட்டிருக்கு."

"இலையா? என்ன இலைப்பா?"

பாவம்... அவன் ஒரு நாளாவது கடைசிப் பக்கம் வரைக்கும் நின்று கேட்டிருந்தால்தானே!