சிவப்புத் தண்டும் ஒரு பொய் மேடும்

போன வாரம் கூட்டேரிப்பட்டு கடைக்காரர் என்னைத் திருடியைப் போலப் பார்த்தார்.

எழுத்தில்தான் நான் வளவள. நேரில் ஊமை. திண்டிவனத்தில் வீட்டிலேயே புளிச்சக்கீரைத் தொக்கு கிளறி, அவர் கடையில் விற்கிறேன். பாட்டிலில் ‘ஆசிட் சேர்க்காதது’ என்றிருக்கும். அந்த ஒரு வரிதான் என் வியாபாரமே!

அவர் ஒரு பாட்டிலை விழுப்புரத்தில் ஒரு லேபுக்கு அனுப்பியிருக்கிறார். சிட்ரிக் ஆசிட் எக்கச்சக்கம் என்று ரிசல்ட்.

“இன்னாம்மா இது? பேசாம ஆசிட் சேர்த்ததுன்னு போட்டுடுங்க. எல்லாரும் போட்டுக்கினுதான இருக்காங்க?”

“நான் சேர்க்கலீங்க.”

“மிஷினே சொல்லுதே!”

“மிஷின் எங்க வீட்டு அடுப்பாண்ட நின்னு பாத்துச்சா?”

சொன்னது நான்தானா?

பஸ் ஏறி லேபுக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணிடம், “நான் ஆசிட் போடலம்மா” என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு வெறும் கீரைய எடுத்துக்கினு வாங்கக்கா. கீரை, தொக்கு ரெண்டையும் மிஷின்ல ஓட்டிப் பாத்துடலாம்.”

மறுநாள் மடி நிறையக் கீரை. “கீரைக்கும் டிக்கெட்டாக்கா?” என்றார் கண்டக்டர்.

லிக்விட் குரோமட்டோகிராஃபியாம். சாற்றில் உள்ள ஆசிட்களைத் தனித்தனியாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் மேடு மேடாகக் காட்டுகிறது. வெறும் கீரைச் சாற்றை ஓட்டினாள். சிட்ரிக் ஆசிட் வரும் இடத்தில்… அதே பெரிய மேடு!

அவள் முகம் மாறியது. சாற்றை விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் வழியாக இறக்கினாள். உள்ளிருந்த வெள்ளைப் பொடி சிவந்தது. அடியில் சொட்டியது தண்ணீர் போலத் தெளிவு. தொக்கின் சாற்றையும் அப்படியே வடித்தாள். மறுபடி ஓட்டினால், மேடு சின்னப் புடைப்பாகிவிட்டது. கீரைக்கும் தொக்குக்கும் ஒரே மாதிரி!

“இந்தச் சின்ன மேடு கீரையோட சொந்த ஆசிட்டுக்கா. சிவப்புத் தண்டோட சாயம், துவர்ப்பு எல்லாம் அதுகூடவே வெளிய வந்து ஆசிட்டா கணக்காயிருக்கு. நாங்க மொதல்லயே வடிச்சிருக்கணும். சாரிக்கா.”

புது ரிசல்ட்டைப் பார்த்த கடைக்காரர் என் பாட்டில்களை முன்வரிசைக்கு நகர்த்தினார். பிறகு மெதுவாக, “எதுக்கும் இனிமே பச்சைத் தண்டு கீரையா போடுங்களேன். மிஷினுக்குப் பேஜாரு இல்ல பாருங்க” என்றார்.

“சிவப்புதாங்க போடுவேன்.”

குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பின்னே?

தடுமாறியது மிஷின்… மாற வேண்டியது என் கீரையா?